குட்டி நாய்தான் வேண்டுமா, சகோதரிகளே?

இந்தப் பகுதியில் மாமியார் மருமகள் சண்டை, பிள்ளைகள் படிப்பு, நகைக் கடன் என்று எத்தனையோ விஷயங்களை சகோதரிகள் எழுதுகிறார்கள். நான் எழுதப் போவது ஒரு கிழட்டு நாயைப் பற்றி. "நாயைப் பத்தி எழுத என்ன இருக்கு?" என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். நாய் வளர்க்கிற வீட்டில் கணவர் கொஞ்சுவார், பிள்ளைகள் போட்டோ எடுப்பார்கள். சோறு வைப்பது, அசிங்கம் பண்ணினால் அள்ளுவது, ஊசி போடும் தேதியை ஞாபகம் வைத்துக் கொள்வது எல்லாம் கடைசியில் நம் தலையில்தான் விழும். அதனால் எந்த நாயை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்பதில் முதலில் வாய் திறக்க வேண்டியவர்கள் நாம்தான் என்பது என் கருத்து.

எங்களுக்கு ஈரோடு பக்கம். என் கணவர் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். சொந்த வீடு, சின்ன வாசல், பின்னால் ஒரு முருங்கை மரம். 2022-ல் என் மகன் ஏழாம் வகுப்பு படித்துக் கொண்டிருந்தான். அவனுடைய நண்பன் வீட்டில் லேப்ரடார் குட்டி வாங்கி விட்டார்களாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் அழுகைதான். "அரையாண்டுல நல்ல மார்க் வாங்கு, பார்க்கலாம்" என்று என் கணவர் ஒரு வார்த்தை சொல்லி விட்டார். பிள்ளையும் வாங்கி விட்டான்! வேறு வழியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் குட்டி பார்க்கப் போனோம்.

ஊருக்கு வெளியே ஒரு வீடு. குட்டிகளைக் கூடையில் கொண்டு வந்து காட்டினார்கள். வெண்ணெய் நிறத்தில் ஆறு குட்டிகள். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. என் கணவர் ஒன்றைக் கையில் எடுத்து விட்டார். நான் ஏதோ நினைவில், "இதோட அம்மாவைப் பார்க்கலாமுங்களா?" என்று கேட்டேன். "அது கடிக்கும்ங்க, பின்னாடி கட்டியிருக்கு" என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. பாத்ரூம் போவது போல பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன்.

ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. நாலு அடிச் சங்கிலி. விலா எலும்பு தெரிய ஒரு நாய் சிமெண்டுத் தரையில் படுத்திருந்தது. எழுந்து நின்றபோது காம்புகள் எல்லாம் தொங்கி, வயிற்றுத் தோல் பை மாதிரி ஆடியது. கடிக்கவும் இல்லை, குரைக்கவும் இல்லை. வாலை மட்டும் லேசாக ஆட்டியது. நானும் இரண்டு பெற்றவள். பிரசவம் ஆனதும் அம்மா வீட்டில் மூன்று மாதம் பத்தியச் சோறு, எண்ணெய்க் குளியல் என்று வைத்திருந்தார்கள். அதையெல்லாம் அனுபவித்த எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. குட்டியைக் கீழே விடச் சொல்லி என் கணவரை இழுத்துக் கொண்டு வந்து விட்டேன். பஸ்சில் வரும்போது அவர், "உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டில் மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிறகுதான் இதைப் பற்றி விசாரித்தேன். நான் பத்தாவது வரை படித்தவள், சட்டமெல்லாம் தெரியாது. என் அக்கா மகள் கோவையில் ஒரு கால்நடை மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். அவள்தான் சொன்னாள். நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2017-ல் மத்திய அரசு விதி கொண்டு வந்திருக்கிறது. ஒன்றரை வயது ஆகாத நாயை ஈன விடக்கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. நாய்க்கு சினைக்காலம் இரண்டு மாதம்தான், 63 நாள். வருஷத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். விதியை மதிக்காதவர்கள் ஒவ்வொரு முறையும் ஈன விட்டால் ஐந்து ஈற்று மூன்று வருஷத்துக்குள் முடிந்து விடும். அப்புறம் அந்த நாயை என்ன செய்வார்கள்?

"பைபாஸ்ல கொண்டு போய் விட்டுருவாங்க சித்தி" என்றாள் என் அக்கா மகள், சாதாரணமாக.

அவள் மூலமாகத்தான் கோவையில் இருக்கும் ஒரு குழுவைப் பற்றித் தெரிந்தது. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி வெளிநாட்டு ஜாதி நாய்களை மட்டும் மீட்டு, வைத்தியம் பார்த்து, வீடு தேடிக் கொடுக்கிறார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நாயில் கூடவா ஜாதி பார்ப்பது? தெருவில் எத்தனை நாட்டு நாய் சாகிறது, அதெல்லாம் உயிர் இல்லையா என்று கேட்டேன். அந்தக் குழுவில் இருந்த பெண் பொறுமையாகப் பதில் சொன்னார். நாட்டு நாய் பிறந்ததில் இருந்தே தெருவில் பிழைக்கத் தெரிந்தது, அதற்கென்று எல்லை உண்டு, நாலு வீட்டில் சோறு உண்டு. இந்த லேப்ரடார் கனடா பக்கம் நியூஃபவுண்ட்லாந்து என்ற குளிர் தேசத்தில் மீனவர்களோடு வாழ்ந்த நாயின் வம்சம். உடம்பில் இரட்டை அடுக்கு ரோமம். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் விட்டால் எங்கே ஒதுங்குவது என்றே அதற்குத் தெரியாது. தெரு நாய்கள் சேர்க்காமல் கடித்துக் குதறும். மூன்று நாள்கூடத் தாங்காது என்றார். நாட்டு நாய்களுக்கு வேறு பல அமைப்புகள் இருக்கின்றன, நாங்கள் எங்களால் முடிந்ததைச் செய்கிறோம் என்றும் சொன்னார். சரி என்றுதான் பட்டது. இருந்தாலும் எங்கள் தெரு முனையில் இருக்கும் கறுப்பிக்கும் அன்று முதல் ஒரு உருண்டை சோறு சேர்த்தே வடிக்கிறேன்.

அந்தக் குழுவினர் நாய் கொடுப்பதற்கு முன் கேட்ட கேள்விகள் இருக்கிறதே! என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இத்தனை கேள்வி கேட்கவில்லை. சொந்த வீடா, வாடகை வீடா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? மாடிப்படி உண்டா? கேட் போட்டிருக்கிறதா? வைத்தியத்துக்கு மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும்? வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? "எல்லோருக்கும் சம்மதம்" என்று நான் சொன்னதை ஒப்புக் கொள்ளாமல், "உங்க மாமியார்கிட்ட போனைக் குடுங்க" என்றார் அந்தப் பெண். அங்கேதான் மாட்டினேன்.

என் மாமியாருக்கு எழுபது வயது. நல்லவர்தான். ஆனால் வீட்டுக்குள் நாய் என்பது அவருக்கு ஆகாத காரியம். போனை வாங்கி, "ஏம்மிணி, குட்டியா இருந்தாலாச்சும் சொல்ற பேச்சு கேக்கும். கெழட்டு நாயக் கொண்டாந்து நாங்க என்ன பண்றது? நானே ஒரு கெழம், என்னையப் பாக்கறதுக்கே ஆளில்ல" என்று சொல்லி விட்டார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இருவேளை சுடுதண்ணீர் வைத்துக் கொடுக்கிறேன், என்னைப் போய் இப்படிச் சொல்லலாமா என்று அன்று நானும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பெண் மட்டும் கோபித்துக் கொள்ளாமல், "அம்மா, இது ஏழு வயசு நாய். எத்தனை குட்டி போட்டுச்சுன்னு தெரியாது. அவினாசி ரோட்டுல பாலத்துக்கு அடியில கெடந்துச்சு. நீங்க ஒரு தடவை பாருங்க, வேண்டாம்னா நாங்களே திருப்பிக் கூட்டிட்டுப் போயிடறோம்" என்றார். என் மாமியார் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "பெத்து ஓஞ்சதுன்னா ரோட்டுல உட்டுட்டுப் போயிருவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று இரவுதான் அவர் சிறுமியாக இருந்தபோது நடந்ததைச் சொன்னார். அவர்கள் வீட்டில் பதினோரு கன்று போட்ட மாடு ஒன்று கறவை வற்றிப் போனதும், அவருடைய அப்பா கருங்கல்பாளையம் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனாராம். இவர் அழுது கொண்டே பின்னாலேயே பாதி தூரம் ஓடினாராம். "மூணு நாளு சோறு திங்கல நானு. எங்கப்பாரு சாட்டையெடுத்த பொறவுதான் தின்னேன்." கல்யாணமாகி வந்து பதினாறு வருஷத்தில் இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை.

2023 மார்ச் மாதம் அந்த நாய் எங்கள் வீட்டுக்கு வந்தது. சினிமாவாக இருந்தால் நான் கொட்டகையில் பார்த்த அதே நாய்தான் வந்தது என்று எழுதலாம். அப்படி எல்லாம் இல்லை, இது வேறு நாய். ஆனால் அதே தொங்கிய வயிறு. வாயைச் சுற்றி நரைத்திருந்தது. முன்பல் தேய்ந்து மழுங்கியிருந்தது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து, வெறி நாய்க்கடி ஊசி போட்டு, உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை பார்த்து, எல்லாச் சீட்டுகளையும் ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்தார்கள். ஆபரேஷன் எதற்கு, பாவமில்லையா என்று சிலர் நினைப்பீர்கள். நானும் கேட்டேன். ஆபரேஷன் செய்யாத பெண் நாய்களுக்கு வயதானால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்குமாம். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. இதற்கும் அது ஆரம்பித்திருந்ததாம்.

குழுவில் வைத்த பெயர் ஹனி. என் மாமியார் வாயில் அது நுழையவில்லை. ஆனி என்றார், அன்னி என்றார், கடைசியில் அண்ணி என்றே ஆகி விட்டது. "அண்ணி, சோறு திங்க வா!" என்று வாசலில் இருந்து அவர் கூப்பிடுவதைக் கேட்டு எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்த அம்மாள், எங்கள் வீட்டில் யாரோ மனநிலை சரியில்லாத உறவுக்காரப் பெண் இருப்பதாக நினைத்து ஒரு மாதம் என்னைப் பாவமாகவே பார்த்திருக்கிறார்!

சகோதரிகளே, முதல் இரண்டு மாதம் சுலபமாக இருந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வயதான நாய் என்றால் எல்லாம் பழகி வந்திருக்கும் என்று நினைத்தேன். கொட்டகையிலேயே கட்டிப் போட்டு வளர்த்த நாய்க்கு என்ன பழக்கம் இருக்கும்? நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விடும். விளக்குமாற்றைக் கையில் எடுத்தால் நடுங்கிப் போய் கட்டிலுக்கு அடியில் ஓடும். மிக்சி சத்தம் கேட்டால் ஓடும். மாடிப்படி என்றால் என்ன என்றே தெரியாது. சோற்றை மெல்லாமல் விழுங்கி விட்டு வாந்தி எடுக்கும். குழுவில் இருந்தவர், மூன்று நாள் பயம், மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதம் போனால் உங்கள் வீட்டு நாய் என்று கணக்குச் சொல்லியிருந்தார். மூன்றாவது வாரத்தில் நான் போன் செய்து, "திருப்பிக் கூட்டிட்டுப் போயிடறீங்களா?" என்றுகூடக் கேட்டு விட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தினமும் நாலு முறை தரை துடைத்து இடுப்பே விட்டுப் போயிற்று.

அந்த வாரத்தில்தான் வீட்டில் சாக்ஸ் காணாமல் போக ஆரம்பித்தது. மகளுடைய ஸ்கூல் சாக்ஸ், மகனுடையது, துவைக்கப் போட்ட கைக்குட்டை. தேடிப் பார்த்தால் அரிசி மூட்டைக்குப் பின்னால் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, அதைச் சுற்றி வளைத்துப் படுத்திருக்கிறது. பக்கத்தில் போனால் மெதுவாக உறுமியது. நாக்கால் ஒவ்வொன்றாக நக்கிக் கொடுத்துக் கொண்டிருந்தது. டாக்டரிடம் கேட்டதற்கு, ஆபரேஷன் செய்த பிறகு சில நாய்களுக்கு உடம்பு இன்னும் குட்டி போட்டதாகவே நினைத்துக் கொள்ளும், கொஞ்ச நாளில் சரியாகி விடும், பிடுங்கி அடிக்காதீர்கள் என்றார். என் மாமியார் அன்று மூட்டைக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து விட்டார். "எத்தன குட்டிய புடுங்கிட்டுப் போனாங்களோ, சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மறுநாள் கடையில் இருந்து என் கணவரை ஆறு ஜோடி புது சாக்ஸ் வாங்கி வரச் சொன்னார். பிள்ளைகளுக்கு! பழையது அண்ணிக்கு.

பத்து நாளில் அந்த நினைப்பு போய் விட்டது. நானும் திருப்பிக் கொடுக்கும் பேச்சை எடுக்கவில்லை. சாப்பிட்டவுடனும், தூங்கி எழுந்தவுடனும் பின் வாசலுக்குக் கூட்டிப் போய் நின்று, போனால் உடனே ஒரு துண்டு பொட்டுக்கடலை பிஸ்கெட். அவ்வளவுதான் வித்தை. ஏழு வயது நாய் ஒரு மாதத்தில் கற்றுக் கொண்டது. குட்டி நாயாக இருந்திருந்தால் இதே வேலையை ஆறு மாதம் செய்திருப்பேன் என்று என் தங்கை சொல்கிறாள். அவள் வீட்டுக் குட்டி சோபாவில் பாதியைத் தின்று விட்டது, செருப்பு எத்தனை என்று கணக்கே இல்லை.

என்னிடம் பலர் கேட்பது, "வயசான நாய் ஒட்டுமா? பழைய வீட்டையே நினைச்சுக்கிட்டு இருக்காதா?" என்பது. புகுந்த வீட்டில் நாம் ஒட்டவில்லையா? முப்பது வயதுக்கு மேல் வேற்றூருக்கு மாற்றலாகிப் போய் அங்கே மனுஷரைச் சேர்த்துக் கொள்ளவில்லையா? என் மகனும் முதலில், "இது விளையாடவே மாட்டேங்குது" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தான். பந்து எறிந்தால் பந்தைப் பார்க்கும், அவனைப் பார்க்கும், படுத்துக் கொள்ளும். யாரும் அதனோடு விளையாடினதே இல்லை போலிருக்கிறது. ஆவணி மாதம் பெருந்துறை பக்கம் என் அண்ணன் தோட்டத்துக்குப் போயிருந்தோம். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் போய்க் கொண்டிருந்தது. படியில் இறங்கிக் கால் கழுவும்போது, கயிற்றோடு இழுத்துக் கொண்டு இந்த நாய் தண்ணீருக்குள் இறங்கியது பாருங்கள்! கழுத்தளவு தண்ணீரில் வாலைத் துடுப்பு மாதிரி ஆட்டிக் கொண்டு, மகன் எறிந்த தேங்காய் மட்டையைக் கவ்வி வந்து அவன் கையில் கொடுத்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் மகன் நனைந்த கையோடு அதன் கழுத்தைக் கட்டிக் கொண்டு நின்றான். வாய்க்காலில் இழுப்பு அதிகம், கயிறு இல்லாமல் யாரும் இப்படி விடாதீர்கள்.

அடுத்தது செலவு. மறைத்து எழுத விருப்பமில்லை. சாப்பாட்டுக்குத் தனியாக மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிட்ட ஆகிறது. சோறு, கோழி ஈரல், வேகவைத்த முட்டை, பூசணி, கேரட், கொஞ்சம் தயிர். லேப்ரடார் சாப்பிட்டுக் கொண்டே இருக்கும். கேட்கிறதே என்று போட்டால் உடம்பு பெருத்து, இடுப்பு எலும்பும் முட்டியும் போய் விடும். இந்த ஜாதிக்கு இடுப்பு மூட்டு வலி வருவது சகஜமாம். எங்கள் நாய்க்கும் சென்ற வருஷம் பின்னங்கால் இழுக்க ஆரம்பித்தது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் எக்ஸ்ரே எடுத்தோம். ஈரோட்டில் இருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையிலேயே போனால் அன்றைக்கே முடித்துக் கொண்டு வரலாம், தனியார் இடங்களை விடச் செலவும் குறைவு. அரசு கால்நடை மருந்தகங்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். நாயையும் பார்ப்பார்கள்.

நாங்கள் செய்த தவறையும் எழுதுகிறேன், யாருக்காவது உதவும். 2024 பொங்கல் அன்று என் மாமியார் ஆசையாக ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலை அண்ணிக்கு வைத்து விட்டார். முந்திரி, திராட்சை எல்லாம் போட்டது. இரவு முழுக்க வாந்தி. அக்கா மகளுக்குப் போன் போட்டால் அலறுகிறாள், "திராட்சையா? உடனே கூட்டிட்டுப் போங்க!" என்று. உலர்ந்த திராட்சையோ பச்சை திராட்சையோ, நாய்க்கு சிறுநீரகத்தையே கெடுத்து விடுமாம். வெங்காயம் ரத்தத்தைக் கெடுக்கும். சாக்லெட் ஆகாது. நமக்குப் போடும் வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றி, கடவுள் புண்ணியத்தில் பிழைத்தது. என் மாமியார் அந்த இரண்டு நாளும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. இப்போது எங்கள் வீட்டில் குழம்பு தாளிக்கும் முன்பே நாய்க்குத் தனியாக எடுத்து வைத்து விடுவது பழக்கமாகி விட்டது.

என் கோபம் நாயை வளர்க்க முடியாதவர்கள் மேல் இல்லை. வேலை போகும், வீடு மாறும், உடம்புக்கு முடியாமல் போகும், யாருக்கும் நடக்கக் கூடியதுதான். அப்படிப்பட்டவர்கள் நாலு பேரிடம் சொல்லி, இது மாதிரி குழுக்களிடம் ஒப்படைத்து, கண்ணீரோடு போயிருக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். என் கோபம் மோகத்துக்கு வாங்குகிறவர்கள் மேல்தான். 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பக் நாய் வந்தது ஞாபகம் இருக்கிறதா? சின்னப் பையன் பின்னாலேயே போகுமே, அதுதான். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக் கொண்டிருந்தேன். விளம்பரத்தைப் பார்த்து எத்தனை பேர் அதை வாங்கினார்கள்! சப்பை மூக்கு நாய், நம் ஊர் வெயிலில் மூச்சு விடவே திணறும். அது மூச்சு விடும் சத்தத்தைக் குறட்டை என்று சொல்லிச் சிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த விளம்பரத்தில் வேறு ஒரு நாய் வரும். வாங்கியது எங்கே போகும்?

மிருகங்களைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிட்டுப் போவது குற்றம் என்று 1960-ஆம் ஆண்டு சட்டத்திலேயே இருக்கிறது. முதல் முறை செய்தால் அபராதம் பத்து ரூபாயில் இருந்து ஐம்பது ரூபாய் வரை! அறுபது வருஷத்துக்கு முன்னால் அது பெரிய பணமாக இருந்திருக்கும். இன்றைக்கு ஐம்பது ரூபாய்க்கு இரண்டு டீயும் இரண்டு வடையும் கூட சரியாக வராது. பெற்றுப் பெற்று ஓய்ந்த ஒரு ஜீவனைப் பாலத்துக்கு அடியில் விட்டு விட்டுப் போவதற்கு இதுதான் விலையா?

அதற்காக எல்லோரும் நாளைக்கே வயதான நாயை எடுத்து விடுங்கள் என்று சொல்ல மாட்டேன். கைக்குழந்தை இருக்கிறதா, வேண்டாம். வீட்டுக்காரர் வாய் வார்த்தையாகச் சரி என்று சொன்ன வாடகை வீடா, எழுதி வாங்காமல் வேண்டாம். இரண்டு பேரும் காலையில் போய் இரவு வருகிறீர்களா, வேண்டவே வேண்டாம். மூன்றாவது மாடியில் லிப்ட் இல்லாமல் இருந்தால், முப்பது கிலோ நாயை ஒரு நாள் தூக்கிக் கொண்டு இறங்க வேண்டி வரும் என்பதை இப்போதே யோசித்துக் கொள்ளுங்கள். போன் செய்தவுடனே, கேள்வி கேட்காமல், நாயை வண்டியில் ஏற்றி அனுப்புகிறோம் என்று சொல்கிற இடத்தில் வாங்காதீர்கள். நிறையக் கேள்வி கேட்கிறவர்கள்தான் நல்லவர்கள். அன்று எனக்கு எரிச்சல் வந்தது, இன்று புரிகிறது. நாமும் திருப்பிக் கேட்க வேண்டும். குழந்தைகளைப் பார்த்தால் என்ன செய்கிறது, மற்ற நாய்களோடு எப்படி, எந்தச் சத்தத்துக்குப் பயப்படும், என்ன நோய் இருந்தது என்று. குட்டியில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. வளர்ந்து முடிந்த நாயின் குணத்தை முன்கூட்டியே சொல்லி விடலாம்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கேள்வி உண்டு. என் பக்கத்து வீட்டு அக்கா கேட்டே விட்டார். "லேப்ரடார் பத்துப் பன்னெண்டு வருஷம்தானே இருக்கும்? ஏழு வயசுல கொண்டாந்தா நாலஞ்சு வருஷத்துல போயிருமே, புள்ளைங்க ஏங்கிப் போயிராதா?" உண்மைதான். இப்போது அண்ணிக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகிறது. கண்ணில் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. இரவில் மகள் எழுந்து போனால் பின்னாலேயே போகும், இப்போது தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறது. என் மகள் ஒரு நாள், "அம்மா, அண்ணி செத்துப் போயிருமா?" என்று கேட்டாள். நான் வேறு பேச்சை மாற்றப் பார்த்தேன். என் மாமியார்தான், "போகுமாயா. நானும் போவேன். அதுவரைக்கும் ரெண்டு பேருக்கும் சோறு போடுவீல்ல?" என்று கேட்டார். "ம்" என்று சொல்லி விட்டு அவள் பாட்டுக்கு வீட்டுப் பாடம் எழுதப் போய் விட்டாள். பிள்ளைகள் நாம் நினைப்பதை விடக் கெட்டி. அண்ணன் தோட்டத்தில் வேப்ப மரத்தடியில் இடம்கூடக் கேட்டு வைத்து விட்டோம். எனக்குத்தான் அந்த மரத்தை இப்போதெல்லாம் சரியாகப் பார்க்க முடிவதில்லை.

இப்போதைக்கு என் கவலை எல்லாம் அதன் பின்னங்கால்தான். டாக்டர் கொடுத்த மாத்திரை போகிறது. வழுக்காமல் இருக்க ஹாலில் பழைய சணல் சாக்கை விரித்து வைத்திருக்கிறேன். குளிர் காலத்தில் துணி ஒத்தடம் கொடுக்கிறேன். எழுந்திருக்கும்போது வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி விட என் மகன் கற்றுக் கொண்டான். என்னைப் போல் வயதான பெரிய நாயை வைத்திருக்கும் சகோதரிகள் இருப்பீர்கள். வாசற்படி ஏற்ற நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பலகை போட்டால் சறுக்குகிறது, சிமெண்டில் சாய்வாகக் கட்டலாம் என்றால் எத்தனை அடி நீளம் வேண்டும் என்று கொத்தனாருக்கும் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

— ஒரு வாசகி, ஈரோடு.